பழைய விதை முளைத்த வரலாறு

விதைக்கும் வயதாகும் என்பதை உழவர்கள் எக்காலத்திலும் அறிந்திருந்தனர். ஆனால் முளைக்காத விதை இறந்துவிட்டதா, அல்லது தூண்டுதல் கிடைக்காமல் உறங்குகிறதா என்பதைப் பிரித்தறியும் அறிவு கடந்த 150 ஆண்டுகளில்தான் சிறிது சிறிதாகத் திரண்டது. விதை வணிகத்தில் நிகழ்ந்த மோசடி, களையெடுத்துச் சலித்த உழவர்களின் கேள்வி, போர்க்காலத் தீ, பாலைவனக் கோட்டையின் அகழாய்வு எனத் தொடர்பற்ற பல இடங்களிலிருந்து அந்த அறிவு வந்து சேர்ந்தது.

முதலில் வந்தது மோசடி. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் விதை பெருவணிகமானபோது, பழைய விதைக்குச் சாயமேற்றிப் புதியது போல் விற்பதும், மலிவான வேற்று விதையைச் சூட்டில் கொன்று நல்ல விதையோடு கலப்பதும் பரவலாக நடந்தன. கொல்லப்பட்ட விதை முளைக்காது என்பதால் கலப்படம் வயலில் வெளிப்படாமல் போயிற்று. இவ்விரண்டையும் தடுக்கும் சட்டத்தை இங்கிலாந்து 1869இல் இயற்றியது. அதே ஆண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள தாராண்ட் என்னும் ஊரில் ஃபிரீட்ரிக் நோபே உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். எண்ணியெடுத்த விதைகளை ஈரத்தில் வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கின்றன என்று கணக்கிடும் முளைப்புத்திறன் சோதனை இவ்வாறுதான் ஒரு முறையான துறையாக வளர்ந்தது. இந்தியாவில் 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் வழியில் சான்று பெறும் நெல் விதைக்கு 80 சதவீத முளைப்புத்திறன் வேண்டும் என்று வரையறுத்திருப்பதும் அந்த மரபின் தொடர்ச்சியே.

எனினும் நோபேயின் முறை விதையின் இன்றைய நிலையைச் சொல்லுமே தவிர, அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்வியை அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த வில்லியம் ஜேம்ஸ் பீல் எடுத்துக்கொண்டார். எத்தனை ஆண்டு விடாமல் களையெடுத்தால் மண்ணில் கிடக்கும் களைவிதை தீரும் என்பது அப்பகுதி உழவர்களின் கவலையாக இருந்தது. 1879இல் அவர் 20 கண்ணாடிப் புட்டிகளில் 21 வகைத் தாவரங்களின் விதைகளை, வகைக்கு 50 வீதம், ஈரமணலோடு கலந்து நிரப்பினார். உள்ளே நீர் தேங்காதபடி புட்டிகளை மூடாமல், வாய் கீழ்நோக்கிச் சரிந்திருக்குமாறு கல்லூரி வளாகத்து மண்ணில் புதைத்தார். ஐந்து ஆண்டுக்கு ஒரு புட்டி எடுப்பது என்பது அவருடைய திட்டம். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர்கள் 1920 முதல் இடைவெளியைப் பத்து ஆண்டாகவும், 1980க்குப் பின் இருபது ஆண்டாகவும் நீட்டித்ததால், ஒரு நூற்றாண்டுக்கென வகுத்த ஆய்வு 2100 வரை செல்லவிருக்கிறது. தம் வாழ்நாளில் விடை காண முடியாது என்று அறிந்தே ஓர் ஆசிரியர் தொடங்கிய பணியை, அவரை ஒருபோதும் பார்த்திராத தலைமுறைகள் கைவிடாமல் நடத்திவருவது அறிவியல் வரலாற்றில் பெரிதும் மதிக்கத்தக்க செயல்.

புட்டிகள் இருக்கும் இடம் இன்றும் வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை. சில விதைகளுக்குச் சிறிதளவு வெளிச்சமே முளைக்கும் தூண்டுதலாகிவிடும் என்பதால், தோண்டும் வேலை இருளில் நடக்கிறது. கருங்கடுகு 50 ஆண்டும், ரூமெக்ஸ் என்னும் களைச்செடி 80 ஆண்டும் உயிர் தாங்கின. 2000ஆம் ஆண்டில் எடுத்த புட்டியில் வெர்பாஸ்கம் பிளட்டேரியா என்னும் மஞ்சள் பூக்களையின் 50 விதைகளுள் 23 முளைத்தன. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2021இல் எடுத்த புட்டியிலும் அதே செடி மீண்டும் முளைத்தது. பழைய விதையைக் கையாள்வோருக்கு இவற்றைவிடப் பாடமாக அமைவது மால்வா என்னும் செடியின் செய்தி: 2000ஆம் ஆண்டில் அதன் விதை ஒன்று, மண்ணைக் குளிரூட்டி வைத்த பின்னரே முளைவிட்டது. குளிர்காலம் கடந்துவிட்டது என்ற அறிகுறி கிடைக்கும்வரை முளைப்பை நிறுத்திவைக்கும் இத்தகைய இயல்பே விதை உறக்கம் எனப்படுகிறது. குளிரூட்டாமலே கணக்கெடுத்திருந்தால் அவ்விதையும் இறந்தவற்றோடு சேர்ந்திருக்கும்.

உறக்கத்துக்கு இன்னொரு காரணம் நீர் புகாத மேலோடு. சீனாவின் வடகிழக்கில், வறண்டுபோன ஓர் ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதைகளை ஜப்பானியத் தாவரவியலாளர் இச்சிரோ ஓகா 1920களில் முளைக்கவைத்தார். அவ்விடத்து விதைகளுள் ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையுடையது என்று பிற்காலக் கதிரியக்கக் காலக்கணிப்பு காட்டிற்று. 1940இல் லண்டனில் குண்டுவீச்சால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரத் தொகுப்பில் தீப்பிடித்தபோது, அணைக்கப் பாய்ச்சிய நீரில் நனைந்து, 1793இல் சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வாகை இன விதைகள் முளைத்தன. தமிழகத்து வாகையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது; அதன் விதையை நாற்றங்காலில் இடுமுன் சுடுநீரில் ஊறவைப்பதன் நோக்கமும் அந்த ஓட்டை இளக்குவதே.

யூதேயப் பேரீச்சையின் கதை உலகறிந்தது. சாக்கடல் அருகிலுள்ள மசாடா கோட்டையில் 1960களில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான விதைகளை இஸ்ரேலின் எலைன் சோலோவே 2005இல் வெந்நீரில் ஊறவைத்து, முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெல்லிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியில் நனைத்து நட்டார். அவற்றுள் ஒன்று முளைத்து மரமாயிற்று. பின்னர் நட்ட 32 விதைகளுள் முளைத்தவை ஆறு மட்டுமே. இவ்வகைச் செய்திகளோடு எகிப்தியக் கல்லறைக் கோதுமை முளைத்த கதையையும் சேர்த்துச் சொல்வதுண்டு. அது பொய், உண்மையான கல்லறைக் கோதுமை எதுவும் முளைத்ததில்லை.

ஆகவே ஆண்டுக் கணக்கைவிட, எந்தத் தாவரம், எப்படி வைக்கப்பட்டது என்பதே விதையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்குமிடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது அமெரிக்க விதையியலாளர் ஹாரிங்டன் வகுத்த தோராய விதி; நன்கு காயவைத்த விதையைச் சாம்பலோடு கலந்து பானையில் வைத்த தமிழக வழக்கம் ஈரத்தைக் குறைக்கும் அதே வேலையைச் செய்தது. அப்படி வைத்தாலும் வெங்காய விதை ஓரிரு ஆண்டில் வீரியம் இழந்துவிடும். தக்காளி, கத்தரி விதைகள் நான்கைந்து ஆண்டு தாங்கும்.

புதிதாகத் தோட்டமிடுவோர் கையிலுள்ள பழைய விதையை நேராக மண்ணில் போடாமல், பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து முளைப்பை எண்ணிப் பார்ப்பது நல்லது. பழைய பயறு, அவரை விதைகளை நீரில் மூழ்கவைத்தால் வேகமாகப் புகும் நீரே அவற்றின் திசுக்களைச் சிதைத்துவிடும் என்பதால், அவற்றை மெல்ல ஈரமேற்ற வேண்டும். பத்தில் நான்கு முளைத்தால் விதையளவை இரண்டரை மடங்காக்கினால் போதும். அரிய நாட்டு ரகமாக இருந்து ஒன்றிரண்டே முளைத்தாலும், அவற்றின் காயைச் சமைக்காமல் விதைக்கென விட்டுவிடுங்கள். ஒரே பருவத்தில் புதிய விதை கைக்கு வந்துவிடும்.