ஒரே ஒரு பீரங்கியோட ரெண்டு கப்பலை எதிர்த்த ‘பெங்கால்’ (இழை)

1/ எங்க வளவனூர்லேருந்து கிழக்கே பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள புதுச்சேரி கடற்கரை. அந்த அமைதியான கடலுக்கு அந்தப் பக்கம் ரெண்டாம் உலகப் போர்ல நம்ம நாட்டுக் கப்பல் ஒன்னு போட்ட சண்டை நம்ம பாடப் புத்தகத்துல இல்ல. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம். கடைசியில ஒரு மருத்துவரா எனக்குத் தோணினதும் இருக்கு. பொறுமையா படிங்க.

2/ 1942 ஏப்ரல். ஜப்பான் விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பு மேலயும், 9ஆம் தேதி திருகோணமலை மேலயும் குண்டு போட்டன. ‘ஹெர்மிஸ்’ங்கிற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பலே மூழ்கிப் போச்சு. சென்னையைக் காலி பண்ணிட்டு ஜனங்க மூட்டை முடிச்சோட உள்ளூர்ப் பக்கம் ஓடி வந்த காலம் அது. வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க.

3/ அந்த வருஷம் இந்தியப் பெருங்கடல்ல இன்னொரு ஆபத்தும் இருந்தது. ‘ஹோகோகு மாரு’, ‘ஐகோகு மாரு’ன்னு ரெண்டு ஜப்பானியக் கப்பல்கள். பயணிகளும் சரக்கும் ஏத்துறதுக்காகக் கட்டினவை. ஒவ்வொன்னும் 10,000 டன்னுக்கு மேல. பெரிய பீரங்கிகளையும் டார்பிடோ குழாய்களையும் பொருத்தி வேட்டைக் கப்பலா மாத்திட்டாங்க. மே மாசம் ‘ஜெனோட்டா’வைப் பிடிச்சாங்க, ஜூன்ல ‘எலிசியா’வை மூழ்கடிச்சாங்க, ஜூலைல ‘ஹௌராக்கி’யைப் பிடிச்சாங்க.

4/ இனி நம்ம கப்பல். பேரு எச்.எம்.ஐ.எஸ். பெங்கால். ராயல் இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவுல சிட்னியில கட்டினது. இதே வகையில இந்தியாவுக்கு வந்தது மொத்தம் நாலு: பம்பாய், பஞ்சாப், பெங்கால், மெட்ராஸ். ஆமாங்க, நம்ம மெட்ராஸ் பேர்லயும் ஒரு கப்பல் இருந்தது.

5/ இதெல்லாம் பெரிய போர்க்கப்பல் கிடையாது. கண்ணிவெடி வாரவும், சரக்குக் கப்பல்களுக்குத் துணைக்குப் போகவும் கட்டின சின்னக் கப்பல்கள். எடை 700 டன் சுமார். பெங்கால்ல முன்பக்கம் ஒரே ஒரு பீரங்கி, அதுவும் சின்னது. மத்தது விமானத்தைச் சுடுற துப்பாக்கிகள்தான். எதிரியில ஒரு கப்பலோட மட்டும் ஒப்பிட்டாலும் பத்துல ஒரு பங்குகூட இல்லை.

6/ 1942 நவம்பர் தொடக்கத்துல ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் துறைமுகத்துலேருந்து புதுக் கப்பலான பெங்கால் கிளம்புது. கூடவே ‘ஒண்டினா’ங்கிற டச்சு எண்ணெய்க் கப்பல். அதுக்குத் துணை பெங்கால். அடுத்து நிற்க வேண்டிய இடம் டியகோ கார்சியா தீவு. ஒண்டினா அதுக்கப்புறம் எண்ணெய் ஏத்திக்க பாரசீக வளைகுடா போகணும். அதனால தொட்டிகள் காலி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

7/ நவம்பர் 11, நண்பகல் நெருங்குது. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடல். 1914ல சென்னையைச் சுட்ட எம்டன் கப்பலோட கதை முடிஞ்சது அதே கோகோஸ் தீவுகள்லதான். தூரத்துல ரெண்டு கப்பல் தெரியுது. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு.

8/ பெங்காலின் தலைவர் லெப்டினென்ட் கமாண்டர் வில்லியம் வில்சன். ஓடித் தப்பிக்க வழியில்லை, அவங்க வேகம் ரொம்ப அதிகம். ‘நீ தப்பிச்சுப் போ’ன்னு ஒண்டினாவுக்குச் சொல்லிட்டு, தன் கப்பலை நேரா எதிரி பக்கம் திருப்பினார். துணைக்கு வர்ற கப்பலோட வேலை அதுதானே.

9/ ஆனா ஒண்டினாவும் ஓடிடலை. அதோட பின்பக்கம் ஒரு 4 அங்குல பீரங்கி, 32 குண்டு. அதை வச்சு அதுவும் சுட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல ஒரு குண்டு ஹோகோகு மாருவின் டார்பிடோ இருந்த இடத்துல விழுந்தது. தீ, வெடிப்பு. அவ்வளவு பெரிய கப்பல் மூழ்கிடுச்சு.

10/ அந்தக் குண்டு யாருது? நம்ம பக்கம் பெங்கால்னு எழுதுவாங்க, டச்சுக்காரங்க ஒண்டினான்னு எழுதுவாங்க. 80 வருஷம் தாண்டியும் இந்தப் பஞ்சாயத்து ஓயலை. எனக்கு அதைவிட முக்கியமாப் பட்டது அதுக்கப்புறம் நடந்ததுதான்.

11/ பெங்கால்ல குண்டு தீர்ந்து போற நிலை. கப்பல்லயும் அடி. தூரத்துல ஒண்டினா அடி வாங்கி நிக்குது. இனி செய்ய ஒன்னுமில்லைன்னு புகைத்திரை போட்டு விலகுது. டியகோ கார்சியா போய்ச் சேர்ந்தப்போ ஆள் யாரும் சாகலை. ‘ஒண்டினா போச்சு’ன்னு தகவல் கொடுத்தாங்க.

12/ ஒண்டினா போகலை. குண்டு தீர்ந்ததும் கேப்டன் வில்லம் ஹோர்ஸ்மன் கப்பலைக் கைவிடச் சொன்னார். கொஞ்ச நேரத்துல அவரே குண்டடியில இறந்துட்டார். ஐகோகு மாரு டார்பிடோ விட்டுச்சு, பட்டுச்சு. படகுல இறங்கினவங்க மேலயும் இயந்திரத் துப்பாக்கியால சுட்டாங்க, சிலர் செத்தாங்க. அப்புறம் தன் கூட்டாளிக் கப்பல் ஆட்களைத் தூக்கிக்கிட்டு, ‘இது எப்படியும் மூழ்கிடும்’னு போயிடுச்சு.

13/ காலித் தொட்டின்னு சொன்னேன்ல? அந்தக் காத்துதான் கப்பலை மிதக்க வச்சது. எண்ணெய் இருந்திருந்தா எரிஞ்சே போயிருக்கும். மிச்சம் இருந்தவங்க திரும்ப ஏறி, தீயை அணைச்சு, இயந்திரத்தை ஓட்டி, சாய்ஞ்ச கப்பலை பிரிமேண்டிலுக்கே திருப்பினாங்க.

14/ கப்பல்ல படுகாயம் பட்டவங்க. டாக்டர் இல்லை. பென்சிலின் பரவலா வராத காலம். வயர்லெஸ்ல மருத்துவ உதவி கேட்டாங்க. கப்பலைக் கைவிடும்போது ரகசியக் குறியீட்டுப் புத்தகத்தைக் கடல்ல போட்டாச்சு, அதனால வெறும் மொழியிலயே கேட்டாங்க.

15/ கரையிலேருந்து பதில் இல்லை. ஏன்? ஒண்டினாதான் மூழ்கிடுச்சே! அந்தப் பேர்ல, குறியீடு இல்லாம உதவி கேட்டா அது ஜப்பான்காரன் வலையாத்தான் இருக்கும்னு நினைச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு, துறைமுகத்தை நெருங்குறப்போதான் ‘வாங்கனெல்லா’ங்கிற ஆஸ்திரேலிய மருத்துவக் கப்பல் உதவி கிடைச்சுது. நவம்பர் 18ல கரை சேர்ந்தாங்க.

16/ வில்சன் மேல குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அந்தச் சின்னக் கப்பலோட ரெண்டு பேரை எதிர்த்து நின்னவர். கரையில இருந்தவங்க சந்தேகப்பட்டதும் போர்க்காலத்துல நியாயம்தான். யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா காயம்பட்டவன் ஒரு வாரம் டாக்டர் இல்லாம கிடந்தான்.

17/ நைட் டூட்டியில எனக்கு இது பழக்கமான விஷயம். பைபாஸ்ல விபத்துன்னு ஃபோன் வரும். ‘ஒருத்தர் ஸ்பாட்லயே முடிஞ்சுட்டார் சார்’ம்பாங்க. சொல்றவர் பொய் சொல்லலை, தூரத்துலேருந்து பார்த்து நினைச்சதைச் சொல்றார். அந்த ‘முடிஞ்சவர்’ மூச்சோட வந்து இறங்கினதை நானே பார்த்திருக்கேன். அதனால ஃபோன்ல என்ன சொன்னாலும் படுக்கையும் ஆக்சிஜனும் தயாரா வைக்கச் சொல்லிடுவேன்.

18/ உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். விபத்தைப் பார்த்தா 108க்குச் சொல்லுங்க. ‘அசைவு தெரியலை’ன்னு பார்த்ததைச் சொல்லுங்க, ‘செத்துட்டார்’னு முடிவு சொல்லாதீங்க. அந்த முடிவை நாங்க தொட்டுப் பார்த்துச் சொல்றோம்.

19/ பெங்கால் போருக்கு அப்புறமும் சுதந்திர இந்தியாவின் கடற்படையில இருந்தது. ஒண்டினாவையும் பழுது பார்த்துத் திரும்பக் கடல்ல விட்டாங்க. அடுத்த தடவை புதுச்சேரி பீச்ல உட்காரும்போது இந்த ரெண்டு பேரையும் நினைச்சுக்கோங்க.

டூட்டிக்கு நேரமாச்சு, வரேன்.