மனிதர் என்னும் ஏடு

1920-களின் தொடக்கம். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனை. அங்கு ஞாயிறு வழிபாடு நடத்த வந்த போதகர் ஒருவர், இடறலாயிருக்கும் கண்ணைப் பிடுங்கியெறியப் பணிக்கும் நற்செய்திப் பகுதியை எடுத்து மறையுரை ஆற்றினார். கேட்டிருப்போரில் ஓரிருவர் அதை அப்படியே செய்துவிடுவரோ என அஞ்சினார் ஒரு நோயாளி. அவர் பெயர் ஆன்டன் பாய்சன். அவரும் இறையியல் கற்ற பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகரே!

வந்தவருக்கு மறைநூல் தெரியும். எதிரே அமர்ந்திருந்த மனிதரைத் தெரியாது. இக்குறையைப் பாய்சன் மறக்கவில்லை. நலம் பெற்றபின் 1924-இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மகுருவாகப் பொறுப்பேற்றார். 1925 கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கு வரவழைத்தார். மறையுரை ஆற்றவா? இல்லை. நோயாளிகளின் அறைகளில் ஊழியராய் உழைக்க. அவர்தம் வாழ்க்கைக் கதையைக் கேட்க. கேட்டதை ஆய்ந்து கலந்துரையாட. நூல்களைப் பயில்வது போலவே மனிதரையும் உயிருள்ள ஏடுகளாகப் பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவ மாணவரைப் போல இறையியல் மாணவரும் நோயாளியருகே ஓராண்டு பயில வேண்டுமென்று அதே 1925-இல் வாதிட்டார் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர்.

நம் திருச்சபையில் திரிதெந்தீன் சங்கம் 1563-இல் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்கப் பணித்தது. கல்லாத குருக்கள் மலிந்த காலத்தில் அது அருமருந்து. ஆயினும், குருமடத்தின் மதில் சில வேளைகளில் மந்தையையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1965 அக்டோபர் முதல் நாள் பாய்சன் காலமானார். அதே மாதம் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி ஏடு, படிக்கும் காலத்திலும் விடுமுறையிலும், அனுபவமிக்கோர் வழிகாட்டலில், மாணவர் மேய்ப்புப்பணியில் நேரடியாகப் பழக வேண்டும் எனப் பணித்தது.

நாம் குருமாணவராயிருந்தபோது, துன்பத்தின் மறைபொருள் குறித்துத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர்தாம். முதன்முறை ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே நின்றபோது நாவெழவில்லை. புற்றுநோயால் வாடிய அந்த மூதாட்டியே இரங்கி, "முதல்ல உட்காருங்க பிரதர்" என்றார். ஒரு மணி நேரம் அவர் பேசினார், நாம் கேட்டோம்.