முதல் சந்திப்புக்குப் பின் யார் பொறுப்பு? மனநல உதவிச் சேவைகளை ஒப்பிடுவதற்கான ஓர் அளவுகோல்

மனநலச் சேவைகளை நாடுவாரியாக ஒப்பிடும் அறிக்கைகள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. லட்சம் பேருக்கு எத்தனை மருத்துவர், எத்தனை படுக்கை, உதவி எண் உண்டா, சட்டம் உண்டா என்று அட்டவணைகள் நீள்கின்றன. இந்த விவரங்கள் தேவைதான். ஆனால் உதவி தேடி வந்தவர் முதல் சந்திப்பு முடிந்து வீடு திரும்பிய பிறகு அவருக்கு யார் பொறுப்பு என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. ஒப்பீடு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மிகத் தெளிவான விடை தந்த ஊர், இத்தாலியின் வடகிழக்கு ஓரத்திலுள்ள துறைமுக நகரமான திரியெஸ்தே. 1971இல் ஃபிராங்கோ பசாலியா அங்குள்ள சான் ஜொவான்னி மனநல மருத்துவமனையின் இயக்குநரானபோது, மதில்களுக்குள் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். அவர் பூட்டுகளைத் திறந்தார். கட்டி வைப்பதையும் மின் அதிர்ச்சி தருவதையும் நிறுத்தினார். அதுவரை கூலியின்றித் துப்புரவு வேலை செய்துவந்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டு, முறையான சம்பளம் பெற்றனர். 1973இல் உள்ளிருப்போரும் கலைஞர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரையைச் செய்தார்கள். மருத்துவமனையின் சலவை வண்டியை இழுத்துவந்த மார்க்கோ என்ற குதிரையின் பெயரே அதற்கும். வாயிலில் அது நுழையவில்லை. வாயிலை உடைத்து வெளியே கொண்டுவந்து, நகர வீதிகளில் ஊர்வலம் போனார்கள். ஐந்து ஆண்டுகளில், 1978 மே 13 அன்று, இத்தாலியில் 180ஆம் எண் சட்டம் நிறைவேறியது. புதிய மனநல மருத்துவமனைகளைக் கட்டுவதை அது தடை செய்தது. இருந்தவற்றைப் படிப்படியாக மூட வழிசெய்தது.

மதிலை இடித்த கதையைப் பலரும் சொல்கிறார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அதன் பிறகு எழுந்ததை. நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமூக மனநல மையம் அமைத்தார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் அந்த மையத்தில் ஏழெட்டுப் படுக்கைகளே உண்டு. மையத்தின் செவிலியர் வீட்டுக்கு வருவார். வேலை தேடவும் வாடகை வீடு பார்க்கவும் கூட வருவார். நெருக்கடி முற்றி இரவு தங்க நேர்ந்தால், ஏற்கெனவே தன்னை அறிந்தவர்களிடமே நோயாளி வந்து சேர்கிறார். அந்தப் பகுதியில் குடியிருக்கிறார் என்பதாலேயே அவர் அந்த மையத்தின் பொறுப்பு. ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று கைகழுவ அங்கே வழியில்லை.

இத்தாலி முழுவதும் இப்படி நடந்துவிடவில்லை. சட்டம் ஒன்றுதான் என்றாலும் மையங்களை அமைக்கும் பணி வட்டாரங்களிடம் விடப்பட்டது. பல இடங்களில் பணமும் ஆளும் வரவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவரின் சுமை குடும்பத்தின் தலையில், பெரும்பாலும் தாயின் தலையில், விழுந்தது. பசாலியாவின் மீது எனக்குள்ள பெருமதிப்பு இந்த உண்மையை மறைக்கக் காரணமாகக் கூடாது.

பொருள்வளத்தில் மறுகோடியிலுள்ள சிம்பாப்வேயின் விடை வேறு. நாடு முழுமைக்கும் மனநல மருத்துவர்கள் இருபது பேர்கூட இல்லாத நிலையில், 2006இல் டிக்சன் சிபாண்டா ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களோடு ‘நட்பு இருக்கை’ திட்டத்தைத் தொடங்கினார். நகரச் சுகாதாரப் பணியில் ஏற்கெனவே இருந்த பெண்கள் அவர்கள். மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில், வந்தவரின் அருகே அமர்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். கடன், கணவனின் அடி, எச்ஐவி என்று குவிந்து கிடக்கும் துன்பங்களில் இப்போது கையாளக்கூடிய ஒன்றை வந்தவரே தேர்ந்தெடுப்பார். அதற்கான வழியை இருவரும் சேர்ந்து தேடுவார்கள். ஆறு சந்திப்புகள் வரை இது தொடரும். அதன் பிறகு அவர் தம்மைப் போன்றோரின் குழுவில் சேரலாம். அங்கே கழிவுப் பிளாஸ்டிக்கில் பை பின்னியபடியே பேசிக்கொள்வார்கள். 24 மருத்துவமனைகளில் 573 பேரைக் கொண்டு நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2016இல் வெளியானது. வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிடப் பெஞ்சில் அமர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன.

இந்த வெற்றியிலிருந்து பல அரசுகள் ‘சிக்கனம்’ என்ற பாடத்தைப் படிக்க ஆசைப்படும். அது தவறான வாசிப்பு. தற்கொலை எண்ணம் தெரிந்தால் பாட்டி தனித்து முடிவெடுப்பதில்லை. மேற்பார்வையாளருக்கும் அவர் வழியே மருத்துவருக்கும் உடனே செய்தி போகும். அதே தெருக்களில் வாழ்பவர் என்பதால், வராமல் போனவரைத் தேடிப் போகவும் அவரால் முடியும். பின்னால் இருக்கும் இந்த ஏணியை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் பெஞ்சுதான்.

மூன்றாவது விடை இங்கிலாந்தினுடையது. அது 2008இல் தொடங்கிய பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டத்துக்கு மருத்துவரின் சீட்டு வேண்டியதில்லை. தேவைப்படுபவர் தாமே பதிவு செய்யலாம். ஒவ்வொரு அமர்விலும் முன்னேற்றத்தை அளந்து பதிகிறார்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இது பெரிய வாசல். கடும் மனநோய் உடையவருக்கு அந்த வாசல் பொருந்துவதில்லை.

தமிழ்நாட்டில் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வியின் பெயர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்குள்ள தர்காவை அண்டிய காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. தொடர்ந்து பொறுப்பேற்க ஊரில் எவரும் இல்லாதபோது, பொறுப்பேற்பதாகச் சொன்ன ஒரே இடத்தில் அவர்கள் விட்டுவந்தார்கள். பின்னாளில் அதே தர்கா வளாகத்தில் அரசு மனநல மருத்துவர் அமர்ந்து, துவாவோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. மக்கள் ஏற்கெனவே வரும் இடத்துக்கே சேவை போனது சரியான திசை.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்து, சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும், தமிழிலும் அழைக்கலாம். நள்ளிரவில் ஒரு மனிதக் குரல் கிடைப்பது சிறிய காரியமல்ல. அழைத்தவரைத் தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்ப வேண்டும் என்பதும் அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே அதன் மதிப்பீடு, வந்த அழைப்புகளின் கூட்டுத்தொகையோடு முடியக் கூடாது. அனுப்பப்பட்டோரில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் நேரில் பார்க்கப்பட்டார்கள், வராதவரைத் தேடிச் சென்றவர் யார், ஆறு மாதத்துக்குப் பின்னும் அதே பணியாளரின் கவனிப்பில் இருப்பவர் எத்தனை பேர் என்ற மூன்று விவரங்களும் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.