வரிசையை யார் சொல்வது? டைப் கிளாஸும் மாட்யூலும் வளர்ந்த கதை

சங்க மலர் கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களிலுள்ள முகவரிப் பட்டியலைத்தான். கூடப் படித்தவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கும் ஆசை யாரை விட்டது! அப்படி ஒரு பட்டியலை வைத்தே கணினித் துறையின் ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்களும் தாராளமாகக் கூட வரலாம்.

கபிலன், கமலா, கனகா என்று மூன்று பெயர்கள். தமிழ் நெடுங்கணக்குப்படி இதுதான் சரியான வரிசை. தொல்காப்பியரே எழுத்துகளை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்தவர். ஆனால் யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்த எண் ‘ன’வுக்கு; ‘ப’ அதற்குப் பிறகுதான். இந்திய எழுத்துகளையெல்லாம் தேவநாகரிக்கு இணையாக அடுக்கிய பழைய இஸ்கி முறையிலிருந்து வந்த வழக்கம் இது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், கனகா, கபிலன், கமலா என்று தரும்.

ஒரு பட்டியல் தமிழ் வரிசையிலும் மற்றொன்று எண் வரிசையிலும் இருக்க, இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும்? இரண்டின் தலைப்பிலுள்ள பெயர்களை ஒப்பிட்டு, முந்தியதை எடுத்து, ஒரே பெயரானால் ஒரு தடவை மட்டும் எழுதுவது வழக்கமான முறை. தமிழ் வரிசைப்படி ஒப்பிட்டுப் பாருங்கள்: கபிலன், கமலா, கனகா, மறுபடியும் கபிலன், கமலா. மூன்று பேர் ஐந்து பேராகிவிட்டார்கள்! பிழைச் செய்தி ஒன்றும் வராது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இதே கோளாறால் ஒரே கடிதம் சிலருக்கு இரண்டு முறை போனது. காரணத்தைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் இதைத் தடுக்கக் கூடாதா? எந்த வரிசை என்பதை யார் சொல்வது, கம்பைலரா, எழுதுகிறவரா? ஃபங்ஷனல் புரோகிராமிங் உலகம் இதற்கு இரண்டு விடைகள் கண்டது.

இரண்டுக்கும் தாய்வீடு எடின்பரோ. அங்கே 1970களில் ராபின் மில்னர், கணிதத் தேற்றங்களைக் கணினியால் நிறுவும் வேலைக்குத் துணையாக எம்.எல். என்ற மொழியை உருவாக்கினார். எந்த மதிப்பு எந்த வகை என்பதைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும் மொழி அது. 1991-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அந்த மொழியின் பெரிய நிரல்களைப் பகுதி பகுதியாகக் கட்ட, 1984-இல் டேவிட் மெக்வீன் மாட்யூல் முறையை வகுத்தார். இதில் தமிழ் வரிசை ஒரு மாட்யூல், எண் வரிசை இன்னொரு மாட்யூல். பட்டியல் கட்டும் பகுதியிடம் எது வேண்டும் என்று நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். இப்படி மாட்யூலை வாங்கி மாட்யூலைத் தருவதற்கு ஃபங்டர் என்று பெயர். இரு வரிசைகளில் கட்டிய பட்டியல்களும் இரு வேறு வகைகள் ஆகிவிடுவதால், அவற்றைக் கலக்கக் கம்பைலர் விடாது.

இரண்டாவது விடை ஹாஸ்கெல் மொழிக்காகப் பிறந்தது. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கூடிய ஆய்வாளர்கள் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கூட்டல், சமம் போன்ற குறிகளை முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் எப்படிப் பொதுவாக்குவது என்ற சிக்கலுக்கு, கிளாஸ்கோவின் ஃபிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் 1989-இல் டைப் கிளாஸ் என்ற வழியை வெளியிட்டார்கள். ‘ஒப்பிடத் தெரிந்த எந்த வகையும் வரலாம்’ என்று மட்டும் நாம் எழுதினால் போதும். ஒப்பிடும் முறைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றைக் கம்பைலர் தானே சேர்த்து அனுப்பிவிடும். அந்தத் தொகுப்புக்கு டிக்‌ஷனரி, நம் பாஷையில் அகராதி, என்றே பெயர்! நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வகைக்கு ஒரே ஒரு வரிசை. தமிழ் வரிசையும் வேண்டுமென்றால் ‘தமிழ்ப்பெயர்’ என்று புதிய வகை ஒன்றைப் படைக்க வேண்டும். அப்போதும் கலப்படம் நடக்காது.

முதல் வழியில் எழுத்து வேலை அதிகம், சுதந்திரமும் அதிகம். இரண்டாவதில் வேலை குறைவு, கட்டுப்பாடு கூடுதல். இரண்டையும் இணைக்க 2007-இல் டெரெக் டிரையர், ராபர்ட் ஹார்ப்பர், மானுவல் சக்ரவர்த்தி உள்ளிட்டோர் ஒரு வழி சொன்னார்கள். 2014-இல் ஓகேமல் மொழிக்கும் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இதெல்லாம் சீமைச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆறுகளும் நம் சென்னைக்கு வந்திருக்கின்றன. ஹாஸ்கெலின் டைப் கிளாஸை லெனார்ட் அகஸ்ட்ஸன் 2000 வாக்கில் சில்லு வடிவமைக்கும் ப்ளூஸ்பெக் மொழிக்குள் கொண்டுவந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி. பேராசிரியரான அர்விந்த் அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர், 2024-இல் காலமானார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி பிராசஸரை எழுதியது இந்த ப்ளூஸ்பெக்கில்தான். ஒரு தகவலை ரெஜிஸ்டரில் வைக்க வேண்டுமானால் அதன் வகை ‘பிட்ஸ்’ என்ற டைப் கிளாஸைச் சேர்ந்திருக்க வேண்டும். எத்தனை பிட் என்பதை அதுவே சொல்லிவிடும். 2018-இல் சக்தி சில்லுகள் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், சண்டிகரை அடுத்த மொகாலியில் 180 நானோமீட்டரிலும் உருவாயின.

மாட்யூல் ஆறு ஓகேமல் வழியாக வந்தது. அம்மொழி ஒரே சமயத்தில் பல கோர்களில் ஓடுவதற்கான பணியில் முன்னின்றவர் கே.சி. சிவராமகிருஷ்ணன். கேம்பிரிட்ஜில் தொடங்கிய அந்த வேலையைச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியராகவும் தொடர்ந்தார். 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளியானது.

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து நான் படித்த தொண்ணூறுகளில், எங்கள் கைக்கு எட்டியவை பாஸ்கல், கோபால், சி. அந்தச் சூழலில் வளர்ந்தவன் என்பதால், போன வருஷம் நம் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி எனக்குப் புதிதாகப்படவில்லை. “சார், ஹாஸ்கெல் படிச்சா வேலை கிடைக்குமா?”

“ஹாஸ்கெல்னு கேட்டு வேலைக்கு எடுக்கறவங்க கொஞ்சம் பேர்தான் தம்பி. ஆனா ரஸ்ட்ல டிரெய்ட்னு ஒண்ணு இருக்கே, அது இந்த டைப் கிளாஸ் வழியில வந்ததுதான். இதைப் புரிஞ்சுக்கிட்டா அது ஒரு வார வேலை” என்றேன்.

மொழிகள் வரும், போகும். சந்தையில் எந்தப் பெயருக்கு விலை என்று பார்த்தே படித்தால், பெயர் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எந்த முடிவைக் கம்பைலரிடம் விடுவது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் எந்த மொழியிலும் நம்மை விடாது. அதை அறிந்தவர்கள் சென்னையில் சில்லு செய்கிறார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சென்னை ஒன்றும் தூரமில்லை. என் அன்புத் தம்பி, தங்கையருக்கு வாழ்த்துகள்.