ஐந்தாண்டுச் சந்தா, ஆயுள் ஓய்வூதியம்: கேரள பிரவாசி நல வாரியத் திட்டத்தில் வயதும் நியாயமும்

வெளிநாட்டில் வேலை செய்யும் கேரளீயர் ஒருவர் 55ஆம் வயதில் பிரவாசி (புலம்பெயர்ந்தோர்) நல வாரியத்தில் உறுப்பினராகி, மாதம் 350 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகள் சந்தா கட்டுகிறார். கட்டிய தொகை 21,000 ரூபாய். 60 வயது நிறைந்ததும் அவருக்கு மாதம் 3,500 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கிறது. போட்ட பணம் ஆறே மாதத்தில் திரும்பிவிடும். ஊருக்குத் திரும்பிவிட்டவர் மாதம் 200 கட்டி 3,000 பெறுகிறார். அவருக்கு நான்கே மாதம் போதும். இது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விகிதம். கேட்பவர் எவரும் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, 'அப்படியானால் 25 வயதில் எதற்குச் சேர வேண்டும்?' என்பதுதான். இத்திட்டத்தின் முதன்மைக் குறை நிதிப் பற்றாக்குறையோ விளம்பரக் குறைவோ அன்று, இந்தக் கேள்விக்கு விதிகளுக்குள் பதில் இல்லாததே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வளைகுடா நாடுகளின் அரசு ஓய்வூதியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கானது. வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பணி முடிவில் கிடைப்பது பணிக்கொடை மட்டுமே. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள் என்பது கணக்கு. ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற நாடுகளுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறது. மலையாளிகள் மிகுதியாக உழைக்கும் வளைகுடா நாடுகளில் ஒன்றுடன்கூட அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. ஆகவே முப்பது ஆண்டு துபாயில் உழைத்தவரின் முதுமை, சட்டப்படி எந்த அரசின் பொறுப்பிலும் வராது. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு மாநில அரசு முன்வந்தது இந்தியாவில் புதுமைதான். 1996 டிசம்பரில் வெளிநாடுவாழ் கேரளீயர் விவகாரங்களுக்கான நோர்க்கா துறை, 2002இல் அதன் கள நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ், 2008இல் வெளிநாடுவாழ் கேரளீயர் நலச் சட்டம் என்று கேரளம் படிப்படியாக நடந்தது. சட்டத்தின்வழி அமைந்த வாரியம் திருவனந்தபுரத்தில், தைக்காடு அரசு விருந்தினர் மாளிகைக்கு அருகிலுள்ள நோர்க்கா மையத்தில் இயங்குகிறது.

இதே நகரத்தின் உள்ளூர் என்னும் பகுதியில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் வளாகத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் கேரளப் புலம்பெயர்வு ஆய்வைத் தொடங்கியது. கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் முன்னெடுத்த அந்தத் தொடர் ஆய்வின் 2018ஆம் ஆண்டுச் சுற்று, வெளிநாட்டில் இருந்த கேரளீயரை ஏறத்தாழ 21 லட்சம் என்று மதிப்பிட்டது; திரும்பி வந்தவர் ஏறத்தாழ 13 லட்சம். 2023ஆம் ஆண்டுச் சுற்றில் வெளிநாட்டில் இருந்தோர் ஏறத்தாழ 22 லட்சம், திரும்பியோர் 18 லட்சம். போனவர் எண்ணிக்கை அசையாமல் நிற்க, வந்தவர் எண்ணிக்கை ஏறுகிறது. ஓய்வூதியக் கணக்குக்கு வேண்டிய செய்தி இதுதான்.

வாரியம் என்ற வடிவமே கேரளத்தின் பழைய சொத்து. 1969இல் கள்ளு இறக்கும் தொழிலாளருக்கான நலநிதியில் தொடங்கி, சுமைப்பணி, மீன்பிடி, கயிறு என்று தொழில்வாரியாக நலநிதிகள் பெருகின. பொருளியல் அறிஞர் கே.பி. கண்ணன் 2002இல் வெளியிட்ட ஆய்வுரை இவற்றை ஒரு தனி மாதிரியாகவே எடுத்து ஆராய்ந்தது. தொழிலாளியின் சந்தா, முதலாளியின் பங்கு, அரசின் மானியம் என்ற மூன்று கால்களில் நிற்பதே அம்மாதிரியின் பொதுவடிவம். பிரவாசி வாரியத்தில் நடுக்கால் இல்லை. முதலாளி ஷார்ஜாவிலோ தம்மாமிலோ இருக்கிறார். அவரிடம் வசூலிக்கத் திருவனந்தபுரத்துக்கு அதிகாரம் கிடையாது. தாயகத்துக்கு வரும் பணத்தின் மீதும் மாநிலம் வரி விதிக்க முடியாது. எஞ்சுவது விரும்பிக் கட்டும் சந்தாவும் அரசின் வாக்குறுதியும். அப்படிப்பட்ட நிதி நிலைக்க வேண்டுமானால் இளையோர் நீண்டகாலம் கட்ட வேண்டும். அந்தப் பணம் வட்டியில் வளர வேண்டும். விதிகளோ வேறு திசையில் இழுக்கின்றன.

எப்படி என்று பார்க்கலாம். முதல் ஐந்து ஆண்டுச் சந்தாவுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்கிறது. அதற்குமேல் கட்டும் ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் குறைந்தபட்சத் தொகையில் 3 சதவீதம் கூடும். மொத்தம் அதன் இருமடங்கைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் 25 வயதில் சேர்ந்து 35 ஆண்டு கட்டினால் 1,47,000 ரூபாய் கட்டியிருப்பார், ஓய்வூதியம் 6,650. முதல் ஐந்து ஆண்டு 3,500 ரூபாயை ஈட்டித் தந்தது. மீதி முப்பது ஆண்டும் சேர்ந்து ஈட்டியது 3,150.

கூடுதல் ஆண்டு ஒன்றைத் தனியே எடுத்தால் நிலைமை இன்னும் துலங்கும். ஓராண்டுச் சந்தா 4,200 ரூபாய். அது தருவது மாதம் 105, ஆண்டுக்கு 1,260. 59 வயதில் கட்டுபவருக்கு இது ஆண்டுக்கு 30 சதவீத ஆதாயம். எந்த வங்கியும் தராதது. அதே 4,200 ரூபாயை 30 வயதில் கட்டியவர், 7 சதவீத வட்டியில் வைத்திருந்தால் 60 வயதில் ஏறத்தாழ 32,000 ரூபாய் ஆகியிருக்கும். முதலைத் தொடாமலே ஆண்டுக்கு 2,240 ரூபாய் வட்டி வரும். வாரியம் அவருக்குத் தருவதோ அதே 1,260. இந்த வட்டி விகிதத்தில், ஏறத்தாழ 38 வயதுக்கு முன் கட்டும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் வைப்புக் கணக்கைவிடக் குறைவாகவே தருகிறது. இளமையில் சேர்பவருக்கு இறப்பு உதவி, சிகிச்சை உதவி, குடும்ப ஓய்வூதியம் ஆகியவை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவை காப்பீட்டின் பலன்கள்; ஓய்வூதியம் கொடுக்கும் ஊக்கம் ஆகா. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை அரசு அவ்வப்போது உயர்த்துகிறதே என்றால், அதுவும் உண்மை. இரண்டாயிரமாக இருந்தது 3,500 ஆனது. ஆனால் வருங்கால உயர்வு நம்பிக்கை சார்ந்தது. சந்தா கட்டியவர் கேட்டு வாங்கக்கூடிய உரிமையாகச் சட்டம் அதை வைக்கவில்லை.

அந்த உயர்வைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2021 ஜனவரி பட்ஜெட்டில் அப்போதைய மாநில நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தது அது. வெளிநாட்டில் இருப்போருக்கு ஓய்வூதியம் 75 சதவீதம் ஏறியது. சந்தா 300இலிருந்து 350 ஆனது, அதாவது 17 சதவீதத்துக்கும் குறைவு. தேர்தல் ஆண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 55 வயதில் சேர்ந்து 75 வயது வரை வாழும் ஒருவருக்கு வாரியம் கொடுக்கும் தொகை 6,30,000 ரூபாய், கட்டியதைப்போல முப்பது மடங்கு. இந்த இடைவெளியை நிரப்புவது இளைய உறுப்பினரின் சந்தா; அது போதாதபோது மாநிலக் கருவூலம்.

ஒன்றிய அரசின் அடல் ஓய்வூதியத் திட்டத்தோடு ஒப்பிடலாம். 2015இல் வந்த அத்திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டுகிறார். 40 வயதில் சேர்பவர் 1,454 கட்டுகிறார். தாமதத்துக்கு விலை உண்டு. கேரள வாரியத்தில் 40 வயதுக்காரர் 350 வீதம் இருபது ஆண்டு கட்டி 5,075 பெறுவார். அங்கே 1,454 ரூபாய்க்குக் கிடைப்பது இங்கே 350க்குக் கிடைக்கிறது. 18 வயதுக்காரருக்கு நிலைமை தலைகீழ். அடல் திட்டத்தில் 350 ரூபாயின் விகிதத்துக்கு 8,000க்கு மேல் வரும். வாரியத்தில் 7,000இல் உச்சவரம்பு மறித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, அடல் திட்டத்தில் 5,000 ரூபாய் ஓய்வூதியக்காரரும் துணையும் மறைந்தபின் வாரிசுக்கு 8.5 லட்சம் ரூபாய் போய்ச் சேரும்.

பிரிட்டனின் அனுபவம் வேறொரு பாடம். அங்கே பணியாற்றி நாடு திரும்பிய மலையாளச் செவிலியர் பலருக்கு அந்நாட்டுத் தேசியக் காப்பீட்டில் விருப்பச் சந்தா கட்டி விடுபட்ட ஆண்டுகளை நிரப்பும் வழி பழக்கமானது. முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டு, தகுதிக்குக் குறைந்தது 10 ஆண்டு என்பது 2016 முதலான விதி. ஒவ்வோர் ஆண்டும் சம எடை பெறும். வெளிநாட்டில் வேலை செய்வோர் வாரம் 3.45 பவுண்டு என்ற மலிவான இரண்டாம் வகுப்புச் சந்தாவில் ஆண்டுகளை வாங்க முடிந்தது. ஆண்டுக்கு 180 பவுண்டு கட்டி, ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் பெறுவது கொடை என்பதை லண்டன் உணர்ந்துகொண்டது. 2025 நவம்பர் பட்ஜெட், வெளிநாட்டில் இருப்போருக்கு 2026 ஏப்ரல் முதல் அந்த வாயிலை அடைத்தது. பணக்கார அரசே தாங்க மறுத்த சலுகையைக் கடன்சுமையில் உள்ள ஒரு மாநிலம் எத்தனை காலம் தாங்கும்?

இத்திட்டத்தை ஆதரிப்போரின் வலுவான வாதம் வரலாற்றிலிருந்து வருவது. எழுபதுகளில் பம்பாய் போய் அங்கிருந்து கடல் தாண்டியவருக்குச் சேர்வதற்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை. 2008இல் சட்டம் வந்தபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் வளர்ந்த மாநிலம், ஐந்தாண்டுச் சந்தாவை ஒப்புக்கு வாங்கிக்கொண்டு ஓய்வூதியம் கொடுப்பது நன்றிக்கடன். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் முதல் தலைமுறைக்குச் செய்த இடைக்கால ஏற்பாடு நிரந்தர விதியாகி நிற்கிறது. 1995இல் பிறந்து இன்று தோஹாவில் வேலை செய்பவருக்கும் அதே ஐந்தாண்டு வாசல்தான். அவர் 55 வரை காத்திருப்பது புத்திசாலித்தனம். விதியே அவரைக் காத்திருக்கச் சொல்கிறது.

திரும்பியவர் நிலை இதைவிடச் சிக்கலானது. வர்க்கலையிலோ ஆற்றிங்கலிலோ பேக்கரி வைத்தும் ஆட்டோ ஓட்டியும் பிழைக்கும் அவர் சுயதொழில்காரர். பிடித்தம் செய்ய ஆள் கிடையாது. இரண்டு ஆண்டு வெளிநாட்டில் இருந்ததை நிறுவ, விசாவும் முத்திரையும் விழுந்த பாஸ்போர்ட் பக்கங்களை நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தொலைத்தவரின் பாடு சொல்லி முடியாது. ஓராண்டு தொடர்ந்து சந்தா நின்றால் உறுப்பினர் நிலை தானே ரத்தாகிவிடும்; பாக்கியும் அபராதமும் கட்டித்தான் மீட்க முடியும். மழைக்கால வியாபாரம் படுத்தால் முதலில் நிற்பது இப்படிப்பட்ட சந்தாதான். இன்னொரு பக்கம், கேரளத்தில் சந்தா ஏதும் இல்லாமல் ஏழை முதியோருக்குத் தரும் நல ஓய்வூதியம் 2025 நவம்பரில் 1,600இலிருந்து 2,000 ஆனது. கட்டியவர் பெறுவதற்கும் கட்டாதவர் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைத்து முடிவெடுத்தால் சந்தா கட்டும் பழக்கம் தேய்ந்துபோகும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. 1980க்கு முன் பிறந்தோருக்கு இப்போதைய ஐந்தாண்டு விதி அப்படியே தொடரட்டும். அதற்கான செலவை நன்றிக்கடன் என்று பெயரிட்டே பட்ஜெட்டில் தனித் தலைப்பில் காட்டட்டும். பின்னால் பிறந்தோருக்கு, கட்டிய ஒவ்வோர் ஆண்டும் ஓய்வூதியம் ஈட்ட வேண்டும். 40 வயதுக்கு முன் கட்டிய ஆண்டுக்குக் கூடுதல் எடை வேண்டும். இருமடங்கு உச்சவரம்பு நீங்க வேண்டும். சுயதொழில்காரர் ஆண்டில் எந்த மாதத்திலும் மொத்தமாகக் கட்டலாம் என்றும், நின்றுபோன ஆண்டுகள் எண்ணிக்கையில் குறையுமே தவிர உறுப்பினர் நிலை ரத்தாகாது என்றும் விதி மாற வேண்டும். தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். 2011இல் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றிய சென்னை, சந்தா வழியிலான ஓய்வூதியம் ஒன்றை வகுக்க முனைந்தால், தைக்காட்டிலிருந்து நோக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஐந்தாண்டு வாசலை விட்டுவிடட்டும். கேரள வாரியத்தில் 2009இல் 25 வயதில் சேர்ந்த ஒருவருக்கு 2044இல் 60 வயது நிறையும். இன்றைய விதி அப்படியே இருந்தால், அவரும் 2039இல் சேரப்போகும் அவருடைய வயதுக்காரரும் ஒரே நாளில் ஓய்வூதியம் பெறத் தொடங்குவார்கள்: ஒருவர் கட்டியது 35 ஆண்டு, மற்றவர் கட்டியது ஐந்து.