தேம்ஸ் நதியும் அதன் கற்கரையும்

இலண்டன் மாநகரின் நடுவே வளைந்து செல்லும் தேம்ஸ் நதியின் வடகரையிலே, வெஸ்ற்மின்ஸ்ரர் பாலந் தொடக்கம் பிளாக்பிரையர்ஸ் பாலம் வரை, ஏறக்குறைய ஒன்றேகால் மைல் நீளத்துக்குக் கருங்கல் முகங்கொண்ட கரையொன்று அமைந்திருக்கிறது. விக்ரோறியா மகாராணியின் பெயர் தாங்கிய இக்கரையின் வேலை 1864ஆம் ஆண்டிலே தொடங்கி, 1870ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே திறப்புவிழாக் கண்டது. நாம் அங்கு உலாவச் செல்வதாயின் கார்த்திகை மாதப் பிற்பகலே தக்க வேளை. கோடையிலே மரங்களின் பசுமையும் உல்லாசப் பிரயாணிகளின் திரளும் கண்ணை மயக்கிவிடும். கார்த்திகையிலோ கரையோரத்துப் பிளேன் மரங்கள் அகன்ற இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். நான்கு மணியளவிலே சூரியன் மறைந்துவிடும். ஆற்றிலிருந்து வரும் ஈரக்காற்று எலும்பைத் தொடும். கல்லும் நீருமே கண்முன் எஞ்சி நிற்கும். சரித்திர மாணவனுக்கு வேண்டியவையும் அவையே.

வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தருகே பாராளுமன்றத்தை முதுகுப்புறத்தில் விட்டு நடக்கத் தொடங்குவோம். நாம் மிதிப்பது பழைய நிலமன்று, நதியிலிருந்து பறித்தெடுத்த நிலம். ஏறத்தாழ 37 ஏக்கர் ஆற்றுப்படுகை இங்கே வீதியாகவும் பூந்தோட்டமாகவும் மாறிற்று. இதற்குச் சான்று வேண்டுவோர் தோட்டத்தினுள்ளே சற்று நுழைந்து பார்க்கலாம். பக்கிங்காம் பிரபுவின் மாளிகைக்குப் படகில் வருவோர் இறங்குதற்காகப் பதினேழாம் நூற்றாண்டிலே கட்டிய கல்வாயில் ஒன்று, இன்று நதியைக் காணாமல் நூறு யாருக்கும் அப்பால் புல்தரையிலே தனித்து நிற்கிறது. மேலுஞ் சென்றால், ஒருகாலத்திற் படகுகள் உள்ளே நுழைந்த சோமசெற் மாளிகையின் பெருவளைவு வீதியோரத்தில் வறண்டு கிடப்பதைக் காணலாம்.

நதியை இவ்வாறு நெருக்கியது எதற்காக? நகரை அழகுபடுத்தவென்று பலர் எண்ணுவர். அழகு பின்னர் வந்த மேற்பூச்சு. நம் காலடியிலே புகையிரதம் ஓடுகிறது. குழாய்கள் செல்லும் சுரங்கமும் உண்டு. அவற்றோடு, இவ்வேலைக்கெல்லாம் மூலகாரணமான பெருங் கழிவுக்கால்வாயும் ஓடுகிறது. அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் நிறைந்த சரித்திர நூல்களிலே இக்கால்வாய்க்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. அரசர் பலரிலும் பார்க்க அதிக உயிர்களின் விதியோடு அது சம்பந்தப்பட்டது என்பது எமது கருத்து.

1832ஆம் ஆண்டிலே வாந்திபேதி முதன்முறை இலண்டனுக்கு வந்தது. நாற்றமே நோய்க்குக் காரணமென நம்பிய அதிகாரிகள், வீட்டு மலக்குழிகளை மூடிக் கழிவையெல்லாம் வடிகால்களில் விடும்படி செய்தனர். வீடுகள் சுத்தமாயின, நதி மலக்கால்வாயாயிற்று. அதே நதியிலிருந்து தண்ணீர்க் கம்பனிகள் சில குடிநீரை இறைத்து விற்றுக்கொண்டிருந்தன! 1849இலே 14,000க்கு மேற்பட்டோரும், 1854இலே 10,000க்கு மேற்பட்டோரும் அந்நகரில் வாந்திபேதியால் மாண்டனர். நோய் காற்றினாலன்றி நீரினாலேயே பரவுகிறதென வைத்தியர் ஜோன் ஸ்நோ ஆதாரத்துடன் எடுத்துக்காட்டியபோதும், பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை.

பொறியியலாளர் ஜோசப் பாசல்ஜெற் 1856இலேயே திட்டம் வகுத்துக் கொடுத்திருந்தார். செலவென்றும் எல்லையென்றும் பேசி அதனைத் தள்ளிவைத்தார்கள். 1858ஆம் ஆண்டின் கடுங்கோடையிலே நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தினுள்ளேயே புகுந்தது. வெளிற்றும் தூள் கரைத்த நீரில் தோய்த்த திரைச்சீலைகளை யன்னல்களில் தொங்கவிட்டும் பயனில்லை. ஆவணி 2ஆந் திகதி சட்டம் நிறைவேறிற்று. பல்லாயிரம் பிரேதங்கள் அசைக்கமாட்டாத சபையை மூக்கு அசைத்துவிட்டது! நாற்றத்தை அகற்றுவதற்கென்றே 82 மைல் நீளமான பெருங்கால்வாய்கள் எழுந்தன. அகன்றதோ நீரிலிருந்த நஞ்சு. காரணம் பிழையாயினும் காரியம் சரியாய் முடிந்ததற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

ஆனால் சரியாய் முடிந்தது யாருக்கு? 1866இலே வாந்திபேதி மீண்டும் வந்தபோது நகரின் மேற்குப் பாகம் பெரும்பாலும் தப்பிக்கொண்டது. கால்வாய் வேலை முற்றுப்பெறாதிருந்த கிழக்குப் பாகத்திலே, தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகளிலே, 5,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். பாசல்ஜெற்றின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. கங்கர்போட் பாலத்தருகே அவரின் உருவச்சிலையைக் காணும்போது தலைசாய்க்கவே தோன்றுகிறது. எனினும் முதலில் யாருடைய வாசலிற் சுத்தம் வந்தது என்பதையும் கேட்கவேண்டியுள்ளது.

அப்பாற் சென்றால் கிளியோபாத்திராவின் ஊசி எனப்படும் எகிப்திய கற்றூண் எதிர்ப்படுகிறது. அதற்கும் கிளியோபாத்திராவுக்கும் யாதொரு தொடர்புமில்லை. அவள் பிறக்கு முன்பே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்ற தூண் அது. கடல்வழியே கொண்டுவருகையில் 1877இலே ஆறு மாலுமிகள் புயலில் மாண்டனர். அவர் பெயர்கள் பீடத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. 1917இலே விழுந்த குண்டின் வடுக்களும் அங்கேயே உள. தூண் நிறுத்தப்பட்ட நாள் 1878ஆம் ஆண்டு புரட்டாதி 12. அதற்கு ஒன்பது நாள் முன்னர், அதே நதியிற் கிழக்கே வூலிச் அருகில், பிரின்சஸ் அலிஸ் என்னும் உல்லாசக் கப்பல் நிலக்கரிக் கப்பலொன்றோடு மோதி மூழ்கிற்று. 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். கால்வாய்கள் சேர்த்துச் சென்ற நகரக் கழிவு முழுவதும் நதியிற் கொட்டப்பட்ட இடம் அதுவே. சற்று முன்னர்தான் கழிவைத் திறந்துவிட்டிருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அந்நீர் நஞ்சாயிற்று. இங்கே அழகிய தூண், அங்கே அந்த நீர்! இதன் பின்னரே கழிவின் திண்மத்தைப் பிரித்துக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டும் வழக்கம் 1887இலே தொடங்கிற்று. 1998 வரை அது நீடித்தது.

இருட்டத் தொடங்கிவிட்டது. விளக்குக் கம்பங்களின் அடியிலே வால் முறுக்கிய இரும்பு மீன்கள் பிணைந்துள்ளன. 1878இலே இவ்வீதியில் மின்விளக்கு எரிந்ததும், செலவு கட்டாமற் சில ஆண்டுகளில் மீண்டும் வாயுவிளக்குக்குத் திரும்பியதும் சுவையான கதை. ஒட்டகவுருவங் கொண்ட இரும்பு வாங்குகளிலே வீடற்றோர் எத்தனையோ தலைமுறை உறங்கியிருக்கின்றனர். இடப்புறத்தே ரெம்பிள் எனப்படும் சட்ட மாணவர் விடுதிகள். 1888இலிருந்து 1891 வரை காந்தியடிகள் பயின்ற இன்னர் ரெம்பிளும் அவற்றுளொன்று. கரை கட்டுமுன் அதன் தோட்டத்து மதிலையே நதி தொட்டுச் சென்றது.

பிளாக்பிரையர்ஸ் பாலத்தை அடைந்துவிட்டோம். பாசல்ஜெற் ஏறத்தாழ 40 இலட்சம் மக்களுக்கெனக் கட்டிய கால்வாய்கள், இன்று 90 இலட்சத்தளவு மக்களைத் தாங்குகின்றன. அதனால் மழை பெய்யுந்தோறும் கழிவு நதியில் வழிந்துகொண்டிருந்தது. இதைத் தடுக்க நதியின் கீழே 25 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கமொன்றை அமைத்து, 2025ஆம் ஆண்டிலே முற்றாக இணைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே மூடி மறைக்கப்பட்டுக் கழிவுக்கால்வாயாகிப்போன பிளீற் என்னும் சிற்றாறு தேம்ஸோடு கலப்பதும் இப்பாலத்தின் கீழேதான். வற்று நேரத்திலே கைபிடிச் சுவரிற் சாய்ந்து குனிந்து நோக்கினால், அதன் வாயை மூடியிருக்கும் இரும்புக் கதவு தென்படும்.