ஓர் எழுத்து

பாட்டி இறந்த மறுநாள் இறப்புப் பத்திரம் எடுக்க நான்தான் போனேன். முகப்பில் இருந்த பெண் பாட்டியின் சிவப்பு ஐசியை வாங்கி விவரங்களைத் தட்டினார். திரையை என் பக்கம் திருப்பி, பெயர் சரிதானா என்று மலாயில் கேட்டார். பாட்டியின் பெயர், அடுத்து ஏ/பி, அதற்கடுத்து ஒரு தகப்பன் பெயர். அது என் தாத்தாவின் பெயர். பாட்டியின் அப்பா பெயரல்ல, புருசன் பெயர்.

நான் 'சரி' என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இது பழைய கதை. "உங்க தாத்தாவுக்கு நான் பொண்டாட்டியும் ஆச்சு, மகளும் ஆச்சு" என்று பாட்டியே சொல்லிச் சிரிக்கும். சிரித்துச் சிரித்தே அந்தப் பிழையை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

தாத்தா 1937இல் கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் ஒருவர். அடுத்த வருசம், 1938இல், இந்திய அரசாங்கம் உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் வந்தவர்களுக்குக் காகிதம் பெரிய விஷயமில்லை. 1933இல் கொண்டுவந்த அந்நியர் சட்டம்கூட இந்தியர்களைத் தடுக்கவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். தோட்டத்துக்கு வேண்டிய கைகள். செக்ரோலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

நிலைமை மாறியது 1948இல். அவசரகாலம் அறிவித்த அரசாங்கம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்து, படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுத்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டையும் வெளியில் இருப்பவனையும் பிரித்துக் காட்டத்தான் அந்த அட்டை. யார் இந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதற்காக அதை அடிக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

பாட்டி 1951இல் ரஜூலா கப்பலில் வந்தது. ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டிய தாத்தா கையோடு கூட்டிவந்தார். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வந்த சில வாரத்தில் ஐசி பதிய ஆள் வந்திருக்கிறார்கள். தாத்தா மரம் வெட்டப் போயிருந்த நேரம்.

"அந்தக் கிராணிக்குத் தமிழு தெரியாது, எனக்கு மலாயி தெரியாது. என்னமோ பேரு கேக்குறான்னு தெரிஞ்சிச்சு. புருசன் பேரத்தான் கேக்குறான்னு நெனச்சேன். புருசன் பேர எப்படி வாயால சொல்றது? பக்கத்து வீட்டு அக்காவ சொல்லச் சொன்னேன். அக்கா சொல்லிச்சு. அவன் எழுதிக்கிட்டான்."

அவர் கேட்டது அப்பா பெயரை. டபிள்யூ/ஓ என்று வரவேண்டிய இடத்தில் டி/ஓ என்று எழுதினார். மனைவி மகளாகிவிட்டாள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரிசையில் இன்னும் நூறு பேர் நின்றிருப்பார்கள். கம்யூனிஸ்டைத் தேடும் அட்டையில் அந்த ஓர் எழுத்துக்கு என்ன எடை?

எடை பின்னால் வந்தது. 1957இல் மெர்டேக்கா. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருசத்தில் எட்டு வருசம் இங்கே இருந்த தாத்தா விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கிவிட்டார். பாட்டிக்கு ஆறு வருசம்தான். ஆனால் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் வேறொரு வழி இருந்தது. குடிமகனின் மனைவி விண்ணப்பித்துக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம். மனைவிக்குத்தான் அந்த வழி. கல்யாண வயதைத் தாண்டிய மகளுக்கு இல்லை.

தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஐசியைப் பார்த்துவிட்டு, "இவர் உங்கள் மகள்தானே?" என்றாராம்.

கல்யாணப் பத்திரம் கேட்டார்கள். ஊரில் மாரியம்மன் கோயில் வாசலில் கட்டிய தாலிக்கு ஏது பத்திரம்? இந்த நாட்டிலேயே எங்கள் கல்யாணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982இல்தான் நடைமுறைக்கு வந்தது. இருந்த ஒரே காகிதம் பாட்டியின் பழைய பாஸ்போர்ட். அதில் இன்னாரின் மனைவி என்று சரியாகவே இருந்தது. ஆனால் பாட்டியின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. மெட்ராஸ் கிராணி அதற்கு இசட்-எச் போட்டிருந்தார்; இங்கே எழுதியவர் எல் போட்டிருந்தார். பிறந்த வருசமும் இரண்டு தள்ளியிருந்தது. "இது வேறு ஆள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனைவி என்று சொன்ன காகிதம் வேறொருத்தியுடையதாகிவிட்டது.

என் அம்மா 1958இல் தோட்டத்தில் பிறந்தவர், பிறப்பாலேயே குடிமகள். அம்மாவின் சூராட் பெராநாக்கில் தகப்பன் தாத்தா, தாய் பாட்டி. அதையும் பாட்டியின் ஐசியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வரும் அர்த்தத்தை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. தாத்தாவுக்கும் அதைக் காட்டி வாதாட வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் படியேறவே இல்லை.

1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் இறுகியது. சிவப்பு ஐசிக்காரர்களும் அதில் அடக்கம். பல்லாயிரம் பேர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். பாட்டி போகவில்லை. செக்ரோலிலிருந்து பெயர் போனது, அவ்வளவுதான். விடியற்காலையில் தாத்தாவோடு போய் அவருடைய நிரையில் பாதி மரத்தை வெட்டியது. பால் தாத்தாவின் கணக்கில் நிறுத்தது. பாட்டி வெட்டிய வருசங்களுக்கு ஒரு வெள்ளிகூட சேமநிதியில் ஏறவில்லை.

குடியுரிமை இல்லாத நம் ஆட்களைப் பற்றிப் பேசும்போது 'அறியாமை', 'படிப்பில்லை', 'அசட்டை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பாட்டி வீட்டில் காகிதம் இருந்தது. மூன்று காகிதம், மூன்று கிராணிகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரியத்துக்காக எழுதினார்கள்: ஒருவர் கப்பலுக்கு, ஒருவர் போலீசுக்கு, ஒருவர் பிறந்த குழந்தைக்கு. பிற்பாடு அரசாங்கம் மூன்றையும் சேர்த்துவைத்து ஒரே கதை சொல்லச் சொன்னது. எழுதியவர் செய்த பிழையை எழுதப் படிக்கத் தெரியாதவர் நிரூபிக்க வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பிஸ்கட் டின்னுக்குள் இப்படிக் காகிதங்கள் இருக்கும். தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். எங்கள் பாட்டியிடம் நாங்கள் தாமதமாகத்தான் கேட்டோம்.

அந்த முகப்பில் நான் 'சரி' என்று சொன்னதற்குக் காரணம், வீட்டில் உடல் கிடந்தது, மாலைக்குள் எடுக்க வேண்டும். இன்னொரு தடவை போய்த் திருத்தியிருக்கலாம். போகவில்லை. அன்று சாயங்காலம் கருமக்கிரியை அறிவிப்புக்காகத் தமிழ்ப் பத்திரிகைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பெயரைக் கேட்டு, ழகரமா என்று உறுதி செய்துகொண்டு, "கணவர் பேரு?" என்றார். சொன்னேன். வேறு எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.